செவ்வாய்க்கு ஆள் வேண்டாம் என்ற வேலு கங்காணி

எங்கள் தோட்டத்து மன்றத்தின் செயற்குழு, ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, அறிவிப்புப் பலகைக்குப் பச்சைச் சாயம் பூசுவது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தது. நீலம் கேட்ட இருவர், தங்கள் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னார்கள். நான் பதிந்துகொண்டிருந்தபோது தானா ராத்தா மருத்துவமனைக்குப் போன லோரி திரும்பி வந்தது. வேலு கங்காணி இறந்துவிட்டார் என்று ஓட்டுநர் சொன்னார்.

கொழுந்து பறிக்கும் பெண்களின் கூட்டத்துக்கு நெடுங்காலம் அவர்தான் கங்காணி. மன்ற உறுப்பினர்களான உங்களில் பலர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவரிடம் பெயர் கொடுத்தவர்கள். வேலையை விட்டால் அவருக்கு இருந்த ஒரே கவலை விண்வெளி. சந்திரனில் மனிதர்கள் நடந்ததை அவர் மதிக்கவில்லை. ஆளில்லாத கலம் செவ்வாயில் இறங்கி அனுப்பிய படம் நாளிதழில் வந்த அன்று, அதிலிருந்த கற்களைத் தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு போனா ஊருக்குக் காட்டறதுக்கு. மெஷின் போனா தெரிஞ்சுக்கறதுக்கு. அவ்ளோதான்லா."

அவர் மனைவி பாக்கியம் அக்காவும் அதே கூட்டத்தில் கொழுந்து பறித்தவர். "ஒரு ஆளு நேர்ல போய்ட்டு வந்து சொன்னாத்தானே நம்பலாம்?" என்றார்.

"போய்ட்டு வந்தவன் பொய் சொல்லுவான். ஒங்க அண்ணன் சிங்கப்பூர் போய்ட்டு வந்து சொல்லல?"

பிறகொரு நாள், ஏழு பேருடன் கிளம்பிய விண்கலம் வானத்திலேயே வெடித்தது. "நீங்க சொன்னது சரியாப் போச்சு கங்காணி" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

"அதுல ஒரு டீச்சரம்மா இருந்தாங்களாம் ஐயா. அவங்களுக்கு அங்க என்னா வேல?"

பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டார். நான் நாளிதழை மடித்து வைத்தேன்.

அடுத்த ஆண்டு, இருவர் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிச் செல்லும் இயந்திரம் தோட்டத்துக்கு வந்தது. அதைப் பயன்படுத்தத் தொடங்கினால் பெண்களுக்கு வேலை இருக்காது. தொழிலாளர்களின் குறைகளைப் பெரட்டில் தோட்ட நிர்வாகியான துரையிடம் கங்காணி சொல்வதும், அலுவலகக் கணக்கு எழுதும் கிராணியான நான் மொழிபெயர்ப்பதும் எங்கள் வழக்கம்.

"மெஷினுக்குக் கொழுந்து எது, முத்தல் எதுன்னு தெரியாது தொரை. கைக்குத்தான் தெரியும்" என்றார் கங்காணி.

நல்ல வாதம். துரை யோசித்தார். பிறகு, செவ்வாய்க்கு மனிதனை அனுப்பக் கூடாது என்று சொல்பவர் நீங்கள்தானாமே, ஏன் என்று கேட்டார்.

வேறொருவர் என்றால் அது வேறு, இது வேறு என்று மழுப்பியிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை எந்தத் துரையும் அவரிடம் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. பெண்கள் பின்னால் வரிசையாக நிற்க, கால் மணி நேரம் விளக்கினார். மெஷினுக்குச் சாப்பாடு வேண்டாம், மூச்சுக்காற்று வேண்டாம், திருப்பிக் கூட்டி வர வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றால் ஆளே வேண்டாம். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

"என்னாங்க, தொரை என்னா சொன்னாரு?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

"ஒத்துக்கிட்டாரு."

"எத?"

அப்போதுதான் கங்காணி திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தார்.

கொழுந்து பறித்த பெண்களின் கூட்டம் கலைக்கப்பட்டது. கங்காணியை ஆலைக்குக் காவலாளி ஆக்கினார்கள். அதன் பிறகு அவர் விண்வெளியைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. செவ்வாயில் தண்ணீர் இருந்திருக்குமா என்று நானே ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். "தெரியாது ஐயா" என்று சொல்லிவிட்டு ஆலைக் கதவைச் சாத்தப் போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கேட்ட கேள்விக்கு முழுதாகவும் உண்மையாகவும் பதில் சொல்லும் பழக்கம். இதுவரை அதனால் யாருக்கும் நன்மை ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

லைன் வீடுகள் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு உரியவை. வீட்டைக் காலி செய்யப் பாக்கியம் அக்காவுக்கு ஒரு மாத அவகாசம் தரும் கடிதத்தை நேற்று நான் தட்டச்சு செய்தேன்.