பெரியக்காவின் காதும் நடு ஸ்பீக்கரும்

எங்கள் வீட்டு டிவியின் அடியில், இரண்டு மூலையிலும் ஒட்டுநாடாவின் பசை இன்னும் அப்பியிருக்கிறது. என் மனைவி எத்தனையோ தடவை சுரண்டிப் பார்த்துவிட்டாள். நான்தான் விடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தடுத்துவிடுவேன். அதை ஒட்டியவள் என் பெரியக்கா. அவள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. டிவியைப் போடும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது.

பெரியக்கா எனக்குப் பதினோரு வயது மூத்தவள். மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. கொஞ்ச காலம் ரப்பர் மரம் சீவினாள். தோட்டம் கைமாறியதும் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் மெஷின் முன்னால் நின்றாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வேலையை விட்டதும் குருபோங்கில் எங்களோடு வந்து தங்கினாள். மலாய் சரளமாகப் பேசுவாள். பாசாரில் மீன்காரரிடம் பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மலாய் எழுத்தைப் படிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக்கூட்டித்தான் வரும். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்!

அந்த வருடத் தீபாவளிக்கு ஹோம் தியேட்டர் வாங்கினேன். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, நடுவில் ஒன்று, அதிர்வதற்கென்று தனியாக ஒரு பெட்டி. சண்டைக்காட்சி வந்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். நடு ஸ்பீக்கர் மட்டும் பென்சில் பெட்டி அளவுதான் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் டிவி அலமாரிக்குள் தள்ளி, கண்ணாடிக் கதவைச் சாத்தி, கதவுக்கு முன்னால் எங்கள் கல்யாணப் படத்தை நிறுத்திவைத்தேன். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது.

முதல் படத்திலேயே அக்கா சொல்லிவிட்டாள்: "பேச்சே கேக்கல தம்பி. பாட்டு கேக்குது, அடிக்கிறது கேக்குது. பேசுறது மட்டும் வாய்க்குள்ளயே நிக்குது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான், மனைவி, மகன், மகள் நாலு பேருக்கும் கதை நன்றாகப் புரிகிறது, இவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கும்? இருபது வருட மெஷின் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். அதன் பிறகு பிள்ளைகள் அவளிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். நீளமாகப் பேசுவதை விட்டுவிட்டு இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. படம் ஓடும்போது அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, சுங்கை ரம்பாயில் இருக்கும் எங்கள் சின்னம்மா மகளோடு அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அங்கயே வந்துடறேன்டி. செவிடின்னு ஆயிட்டா அப்புறம் எந்த வீடா இருந்தா என்ன? இங்க இருந்து யாருக்கும் பாரமா இருக்க வேணாம்."

என்னைத் தூக்கி வளர்த்தவள், என் வீட்டைவிட்டுப் போகப் பார்க்கிறாள். நான் செய்ததென்ன? உட்கார்ந்து பேசாமல், கிளினிக்குக்குப் போன் போட்டு, அவளுக்கு நான் ஏற்கெனவே பதிந்துவைத்திருந்த காது பரிசோதனையைத் திங்கட்கிழமைக்கு முன்கூட்டியே மாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

அதற்கு முந்தின ஞாயிறு மதியம் டிவியில் ஒரு நகைச்சுவைப் படம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா சமையலறை வாசலில் நின்று டிவியைப் பார்க்காமல் எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, இரண்டாக மடித்து, ஒட்டுநாடாவோடு வந்து, டிவியின் அடிப்பக்கத்தில் வசனத்தின் மலாய் மொழிபெயர்ப்பு எழுத்தில் ஓடும் இடத்தை மறைத்து ஒட்டினாள்.

"ஐயோ அத்த! என்னா இது?" என்று கத்தினான் மகன்.

"அவன் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க சிரிக்கிறீங்க" என்றாள் அக்கா. "ரொம்ப நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இப்ப பாருங்க லா."

பார்த்தோம். திரையில் இரண்டு பேர் வாயசைத்தார்கள். ஏதோ முணுமுணுப்பு, அதன்மேல் டமடமவென்று இசை. ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் முன்னால் குனிந்தாள். மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள், இசைதான் கூடியது. "என்னா சொன்னான்?" என்று மகன் என்னைக் கேட்டான். நான் யாரைக் கேட்பது?

"தங்கச்சி கல்யாணம்னு லீவு கேக்குறான்" என்றாள் அக்கா. "மேனேஜர், ஒனக்குத்தான் தங்கச்சியே இல்லியேங்கிறாரு."

தமிழ்ப் படத்தை இத்தனை நாளும் நாங்கள் மலாயில் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம்! கண் படித்ததையெல்லாம் காது கேட்டதாக நம்பியிருக்கிறோம். அந்த வீட்டில் காதால் படம் பார்த்தவள் அக்கா ஒருத்திதான். மெஷின் இரைச்சலுக்கு நடுவே பக்கத்தில் நிற்பவளின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகியவள். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத இடத்தில் அவளுக்குப் பாதியாவது பிடிபட்டது.

அக்கா திட்டவில்லை. "கேக்குதா, கேக்குதான்னுதான் எல்லாரும் கத்துனீங்க. என்னா கேட்டுச்சுன்னு ஒருத்தரும் கேக்கலியே தம்பி" என்றாள்.

மறுநாள் கிளினிக்கை ரத்து செய்துவிட்டு மலாக்கா டவுனில் ஸ்பீக்கர் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனப் பெரியவர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். படத்தில் பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கரில்தான் வரும், மற்றதெல்லாம் இசைக்கும் இரைச்சலுக்கும் என்று மலாயில் விளக்கினார். அதைப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைத்தாயா என்றும் கேட்டார். மற்ற ஸ்பீக்கர்களோடு குரல் ஒத்துப்போக வேண்டும் என்று, அதே கம்பெனியில் பெரியதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். அலமாரிக்கு மேலே, விளிம்பை ஒட்டி, உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தாற்போல் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் தனியாக இரண்டு புள்ளி கூட்டவும் சொல்லிக் கொடுத்தார்.

சாயங்காலம் பழையதைக் கழற்றும்போது அக்கா பக்கத்திலேயே நின்றாள். கல்யாணப் படத்தை நகர்த்தியதும், "பாத்தியா, ஒங்க கல்யாணந்தான் பேச்சை அடைச்சிருக்கு" என்றாள். என் மனைவி வெகுநாள் கழித்து அவளோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். "மன்னிச்சிருங்க அண்ணி" என்று கையையும் பிடித்துக்கொண்டாள்.

புது ஸ்பீக்கரில் படம் ஓடியது. காலண்டர் தாளை அக்கா எடுக்க விடவில்லை. பேச்சு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் துலக்கமாக வந்தது. ஆனால் பிள்ளைகள் முழித்தார்கள். அவர்களுக்குக் கேட்டது, பாதி புரியவில்லை. "அத்த, சால்ஜாப்புன்னா என்னா?" என்று மகள் கேட்டாள். அக்கா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மகன் ஒன்று கேட்டான். அதையும் சொன்னாள். பிறகு என் மனைவி, வெட்கத்தை விட்டு நானும். படம் முடிவதற்குள் நாலு பேரும் அவளைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தோம். என் அக்காவைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படம் முடியப் போகும் நேரத்தில் அவள் போன் அடித்தது. சுங்கை ரம்பாயிலிருந்து சின்னம்மா மகள். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்டிருப்பாள் போல. அக்கா எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நான் வரலடி. இங்க நான் இல்லன்னா இதுங்களுக்கு ஒண்ணும் வெளங்காது."