அண்ணன் எழுதாத ஒரு வருஷம்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருஷத்தைக் கடந்துவிட்டோம். முதல் நினைவு நாளுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தும், "நீங்கதான் சித்தப்பா எழுதணும்" என்று அண்ணன் மகள் சொல்லிவிட்டாள். எதையாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மார்க்கையன்கோட்டையில். நாங்கள் இருவரும்தான் பிள்ளைகள். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாவது முடித்திருந்தார். மேலே படிக்க ஆசைப்பட்டவர், அதை வெளியே காட்டாமல் லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவிங் பழகி, மதினியைக் கல்யாணம் முடித்து, கம்பத்துக்குக் குடிவந்தார். எனக்கும் கம்பம்மெட்டு ரோட்டை ஒட்டி ஒரு திராட்சைப் பந்தலைக் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

அண்ணன் ஓட்டியது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப். காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால், எட்டு மணிக்குத் தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். அண்ணன் முன்சீட்டில் சாய்ந்து, நாற்பது பக்க நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு கதை எழுதுவார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று கணக்கு. மழை அடித்தால் படுதாவை இறக்கிவிட்டு எழுதுவார். கீழே இறங்கி வரும்போது, "இன்னைக்கு அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வச்சீகளா இல்லையா?" என்று பெண்கள் கதையை விசாரிப்பார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜீப்பின் பின்பக்கம் பெயர் எழுத வந்த பெயிண்டர் சந்தானம்தான், சீட்டில் கிடந்த நோட்டை எடுத்து முதலில் படித்தவர். படித்துவிட்டு ஜீப்பை அப்படியே போட்டுவிட்டு, அண்ணனைத் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுகிறவர்கள் அவரோடு மூன்று பேர். சின்னதாக ஒரு கடை வைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் தானே பாட்டுக்கட்டிப் பாடும் காதர் பாய் ஒருவர். ராயப்பன்பட்டியில் மாதா கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதும் ஸ்டெல்லா டீச்சர் இன்னொருவர். டீச்சர் பூசை முடித்து, சமைத்து வைத்துவிட்டு, பஸ் ஏறி வருவார்கள். அண்ணன் நாலாவது ஆள்.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது. வாரத்தில் புதிதாகச் செய்த எதையாவது கொண்டுவர வேண்டும். நாலு வரிப் பாட்டானாலும் சரி, ஒரு குதிரையின் பின்னங்கால் மட்டும் வரைந்ததானாலும் சரி. ஒன்றும் கொண்டுவராதவர் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். அண்ணன் ஐந்து வருஷத்தில் ஒருதரம்கூட டீ வாங்கப் போனதில்லை. கொட்டகையிலிருந்து திரும்பி வருகிற அன்று அவர் முகமே தனியாக இருக்கும். "டேய், பெயிண்டர் இன்னைக்கு ஒரு சிவப்பு கலக்கினார் பாரு. அந்தச் சிவப்புக்கு ஒரு கதை எழுதணும்டா" என்பார். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவர் அப்படிப் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும்.

பிடித்தாலும் பயம் இருந்தது. மலை ரோடு, பதினெட்டு வளைவு, கதையிலேயே கிடக்கும் மனசு. சாயங்காலம் ஜீப்புகள் இறங்கும் நேரம் பந்தல் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நின்று, அண்ணன் வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பிப் போவேன்.

ஒருநாள் வண்டி வரவில்லை. மேலே ஒரு வளைவில் பின்சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை, அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. "பிரேக் பிடிக்கலடா" என்றார். நான் நம்பவில்லை. ஜீப்பில் வந்த ஒரு அம்மாள் யதார்த்தமாக, "கதை சொல்லிக்கிட்டேதான் வந்தாக" என்றது என் காதில் ஏறிக்கொண்டது. மறுநாளே மார்க்கையன்கோட்டைக்குக் கூட்டிப்போய், எங்கள் குலசாமி முன்னால் சூடத்தை ஏற்றி, "இனிமே எழுத மாட்டேன்னு அடிச்சுச் சொல்லுண்ணே" என்றேன். என் அழுகையைப் பார்த்தார். உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்துகொடுத்தார்.

அடுத்த வாரம் மெக்கானிக் என்னிடம், பிரேக் ஆயில் குழாய் வெடித்திருந்தது என்று சொன்னார். அண்ணன் சொன்னது நிஜம். இதை இந்த மலரில் எழுதலாமா என்று மதினியிடம் கேட்டேன்; எழுது என்றார்கள். தெரிந்த பிறகும் நான் சத்தியத்தைத் திருப்பி வாங்கவில்லை. எழுதாமல் இருப்பது எப்படியும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனும் கேட்கவில்லை. கொடுத்த சத்தியத்தைப் பற்றிப் பேசுகிற ஆள் அவர் இல்லை.

எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஜீப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். சீட்டாடக் கூப்பிட்டாலும் போகவில்லையாம். வீட்டில் பேச்சு குறைந்தது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோவார் என்று மதினி அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொட்டகைக்குத் தவறாமல் போனார். போய், காரணம் சொல்லாமல், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போவார். வாரா வாரம் அதே கதை. கதை வற்றிப்போன மனுஷனைக் கேள்வி கேட்டு நோகடிக்கக் கூடாது என்று அந்த மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் போன பிறகு ஸ்டெல்லா டீச்சர் மதினியிடம் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

மூன்று பேரும் என் பந்தலுக்கே வந்துவிட்டார்கள்.

"ஏப்பா, எத்தனை டீயத்தான் குடிக்கிறது? வயிறு புண்ணாப் போச்சு" என்றுதான் பெயிண்டர் ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, சாமிகிட்ட ஜாமீன் எடுத்தாத்தான் உங்க அண்ணனை விடுவீகளா?" என்றார் காதர் பாய்.

"மலை ரோடு பாய். பன்னெண்டு பொம்பளைக உசுரு."

"அண்ணன் வண்டியை நிப்பாட்டிப் போட்டுத்தானே தம்பி எழுதுறாக?" என்றார்கள் டீச்சர்.

"கை நிப்பாட்டியிருக்கும் டீச்சர். மனசு? அது வளைவுலயும் கதைலதான இருக்கும்? பிறகு ரோட்டை யாரு பாக்குறது?"

பெயிண்டர் ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் முப்பதடி ஏணியில நின்னு போர்டு எழுதுறேன். என் மனசு எழுத்துல இருக்குறவரைக்கும் காலு அதுபாட்டுக்கு நிக்கிது. ஐயோ உயரம்னு மனசு காலுக்குப் போச்சு, அன்னைக்கு விழுந்தேன். ஒருதரம் விழுந்தும் இருக்கேன். உங்க அண்ணன் இப்பத்தான் சும்மா வெறிச்சுப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுறாரு. எனக்கு இப்பத்தான் பயமா இருக்கு."

எல்லாப் பக்கத்திலிருந்தும் பயந்து பார்த்த நான், இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவே இல்லை. பிரேக் குழாய் விஷயத்தை அப்போதே அவர்களிடம் சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. "கேட்டவுகதான் திருப்பி வாங்க முடியும்னு உங்க மதினி சொன்னாக தம்பி. கெளம்புங்க" என்று மட்டும் டீச்சர் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணனை அதே குலசாமியிடம் கூட்டிப்போனேன். எங்கள் வழக்கப்படி, சத்தியம் வாங்கியவன்தான் சாமி முன்னால் தண்ணீர் ஊற்றி, "நான் கேட்டதை நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஏலே, பயம் போயிருச்சா?"

"போகலண்ணே."

"பெறகு?"

"அது என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். நீ எழுது."

என் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். சின்ன வயதில் தட்டுகிற மாதிரியே. திரும்பி வரும் வழியில் சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நோட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் எழுதினார். பத்திரிகைகளில் சில கதைகள் வந்தன. திரும்பி வந்தவை அதைவிட அதிகம். திரும்பி வந்ததையும் கொட்டகையில் வாசிப்பார். "பத்திரிகைக்காரன் கெடக்கான், எனக்குப் புடிச்சிருக்கு" என்று காதர் பாய் ஒரு கதையைப் பாட்டாகவே கட்டிவிட்டார். எட்டு வருஷமும் நான் ரோட்டோரம் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒருநாள்கூட வண்டி தடம் மாறவில்லை.

நான் பயந்த வழியில் எதுவும் வரவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இரண்டு தடவை தேனிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. ஊசி ஏற்றிய கையைத் தூக்க முடியாது என்பதால் அண்ணன் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா டீச்சர் எழுதினார்கள். "கமா போடுங்க டீச்சர், மூச்சு வாங்குது" என்று அண்ணன் சொல்ல, "மூச்சு உங்களுக்கா, கதைக்கா?" என்று டீச்சர் கேட்க, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்துவிட்டார். காதர் பாய் கடையை மூடிவிட்டுக் கூடவே வருவார். பெயிண்டர் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அண்ணன் முகத்தை வரைந்துகொண்டே இருப்பார். இந்த மலரின் அட்டையில் இருப்பது அதில் ஒன்று. போன வருஷம் ஒரு காலையில், வீட்டிலேயே, மதினி கொடுத்த கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணனின் நோட்டுகளை வருஷவாரியாக அடுக்கி என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். கரையான் பயத்தில் வாரம் ஒருதரம் எடுத்துத் தட்டி வைக்கிறேன். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். படிக்க விரும்பும் சொந்தங்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். அந்த அடுக்கில் ஒரு வருஷத்துக்கு மட்டும் நோட்டு இல்லை. அந்த வருஷத்தில் அண்ணன் என்னென்ன எழுதியிருப்பார் என்று யோசிக்காமல் என்னால் அலமாரியை மூட முடிவதில்லை.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், காரியத்தில் தோள் கொடுத்த ஜீப் டிரைவர்களுக்கும், அன்று தோட்ட வேலைக்குப் போகாமல் வந்து நின்ற பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயிண்டர் சந்தானம், காதர் பாய், ஸ்டெல்லா டீச்சர் மூவருக்கும் நன்றி என்று மட்டும் எழுதி நிறுத்த மனசு வரவில்லை. இல்லாத அந்த ஒரு வருஷத்து நோட்டுக்கு நான் காரணம். அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை நோட்டுக்கும் நீங்கள் காரணம்.

இப்படிக்கு,
தம்பி