பெரிய வியாழன் காலை, கிள்ளையில்

மூன்று வருடத்துக்கு முன், பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறு. கடலூரில் எங்கள் கோயில் வாசலில் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "பன்னெண்டு பேர்ல உன் பேரையும் எழுதிட்டேன்" என்றார். இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவார். அதில் நானா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் ஜெயிலுக்குப் போய் வந்தவன். அதற்கு எட்டு வருடம் முன்பு, கடலூர் பக்கம் குடிகாட்டில் லோடு ஏற்றிக்கொண்டு, மூக்குமுட்டக் குடித்துவிட்டு குட்டியானை வண்டி ஓட்டினேன். சிதம்பரம் தாண்டி கிள்ளை போகிற சாலையில் சைக்கிளில் வந்த ஒருவரை அடித்துத் தள்ளிவிட்டு, நிறுத்தாமல் போய்விட்டேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது முட்டி மடங்காமலே போய்விட்டது. கடலுக்குப் போய்ச் சம்பாதித்த மனிதர்.

அவர் வேண்டாம் என்றால் கால் கழுவப் போடும் நாற்காலியில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன். வியாழன் விடியற்காலை முதல் பஸ். புறப்படும்போது கூட, குதிகாலைத் தேய்க்கச் சொல்லி மனைவி பிரஷ்ஷை நீட்டினாள். சாமியார் கழுவப்போகிற காலை முன்கூட்டியே பளபளவென்று ஆக்கிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் தேய்த்தேன், வெட்கமில்லாமல்.

கிள்ளையில் விசாரித்துக்கொண்டு உப்பனாற்றுக் கரைக்குப் போனேன். தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. எது கரை, எது ஆறு என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் ஒரு படகு மட்டும் மிதந்தது. அதில் ஒருவர் வலது காலை நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கனவில் நடப்பது போல நேராக நடந்தேன். முழங்கால் வரை சேறு.

"கோர்ட்ல பாத்த மூஞ்சியாச்சே" என்றார், ஊசியை நிறுத்தாமல்.

பஸ்ஸில் சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கே போனதோ. "இன்னைக்கி சர்ச்ல என் கால கழுவப் போறாங்கண்ணே. நீங்க வேணாம்னா உக்கார மாட்டேன்" என்று உளறினேன்.

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். எங்கேயோ ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது.

"உனக்கு ஏதாச்சும் ஆவணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. ரெண்டு மூணு வருசம் சோறே எறங்கல" என்றார். பிறகு, "ஒங்க சாமி உன்ன யாருன்னு தெரியாமயா கூப்புட்டிருப்பாரு? அத எங்கிட்ட வந்து எதுக்கு கேக்குற?"

நான் அழுதேன். அவர் பார்த்ததோ என் காலை. "இந்த சேத்தோடயா பஸ் ஏறுவ? குந்து."

படகு விளிம்பில் உட்கார்ந்தேன். குடிக்க வைத்திருந்த குடத்தை அவர் இழுத்ததும் பதறி, "ஆத்துத் தண்ணி போதும்ணே" என்று காலை இழுத்துக்கொண்டேன்.

"உப்புத் தண்ணி, அரிக்கும். காட்டுய்யா."

மடங்காத காலை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக் குனிந்தார். விரலிடுக்குச் சேற்றைக் கூடத் தேய்த்து எடுத்தார். தண்ணீர் ஜில்லென்றிருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வெயில் வந்திருந்தது. அவர் மறுபடி வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை கோயிலில் உட்கார்ந்தேன். பாட்டு, மெழுகுவர்த்தி, சாமியார் குனிந்தது எல்லாம் தூரத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் கடவுள் என்னை எப்போது கூப்பிட்டார் என்று யாராவது கேட்டால், மாதா கோயில் பக்கமே வராத அந்த மனிதர் "குந்து" என்று சொன்ன குரல்தான் எனக்கு இன்றும் கேட்கிறது.