மஃப்ளர் காட்சி

தியேட்டரில் பாப்கார்ன் விற்பவளுக்குப் படம் பார்க்க ஏது நேரம்? கதவுக்கு வெளியே நின்றபடி காதாலேயே பார்த்துப் பழகியவள் அவள். இப்போது ஓடும் படத்தில், இருமிக்கொண்டே வேலைக்குக் கிளம்பும் மனைவியின் கழுத்தில் கணவன் மஃப்ளரைச் சுற்றிவிடும் காட்சி ஒன்று உண்டு. முதல் வாரம் அந்த இடத்தில் அரங்கமே உச்சுக் கொட்டி உருகியது. கேட்டு அவளும் பூரித்துப்போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டுக்காரரும் அப்படித்தான் சுற்றிவிடுகிறார்.

பிறகு பேப்பரில் ஒரு விமர்சகர் எழுதினார்: "அது அன்பில்லை. அவன் விரல்கள் எங்கே போய் நிற்கின்றன என்று கவனியுங்கள்." மகராசன் நன்றாக வைத்தார் கொள்ளி! மறுநாளிலிருந்து அதே இடத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒருத்தி வீலென்று அலறியே விட்டாள். படத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை.

இன்று காலை வீட்டுக்காரர் மஃப்ளரோடு வாசலுக்கு வந்தார்.

"பனி கொட்டுது, கொஞ்சம் நில்லு."

அவர் சுற்றி முடிச்சுப் போடும்போது, அவள் கண் தானாகவே அவருடைய விரல்களைத் தேடியது. உடம்பு விறைத்தது. அவர் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன, நீயும் அதைப் படிச்சிட்டியா?"

கேட்டாரே தவிர, முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.