சல்லடை, கீல், புனல்

அப்போது நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்னால் இருந்த அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் பி.காம். படித்தவன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அதே தெருவில் ஓர் என்ஜினியரின் மனைவி, சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். அவர் ஒரு சொல்லைச் சொன்னால், தமிழ் கலக்காமல் எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு படித்த என் மகளையும் அனுப்பினேன்.

ஒருநாள் அவளை அழைத்துவரப் போனேன். வராந்தாவில் அவளுக்கு 'கெஸ்ட்' என்ற சொல் வந்திருந்தது. எழுந்து நின்று, "வூட்டுக்கு வர்றவங்க ஆன்ட்டி" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தம்மாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "விடுங்க, கான்ட்ராக்ட் பசங்களுக்கு இவ்ளோதான் வரும்."

அதன்பிறகு மகள் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். வீட்டில் பசித்தால் தட்டைக் காட்டுவாள். இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. அதற்குச் சமமாக இன்னொன்றும் இருந்தது: அந்தம்மாவின் முகம் நாலு பேர் நடுவில் சுருங்குவதை நான் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு எங்கள் பிளாக்கில் பிள்ளைகளுக்குப் போட்டி வைப்பார்கள். ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் பொருளைச் சொல்ல, எதிரே நிற்கும் பிள்ளை ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். முந்தைய வருடம் ஜெயித்தது அந்தம்மாவின் மகன். பார்லிமென்ட், அட்மாஸ்பியர் எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வேலைக்காரி இருந்த வீடு. தன் தட்டைக்கூட அவன் எடுத்துவைத்ததில்லை.

சேத்தியாத்தோப்பில் ஒரு பழைய அகராதி வாங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவேன். பொருளும் நானே சொல்வேன். அவள் வெறுமனே பார்ப்பாள்.

"புள்ளைக்கு இங்கிலீசு சொல்லித் தர்றீங்களா, சண்டைக்குத் தயார் பண்றீங்களா?" என்றாள் மனைவி. இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

ஒரு மாலை மூடியைக் காட்டி, பாத்திரத்தின் மேல் இருப்பது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மகள் மெல்ல, "பல்லியுந்தாம்பா பாத்திரத்து மேல இருக்கும்" என்றாள். மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து என் பொருளையெல்லாம் திருத்துவதற்காகவே மகள் பேசினாள்.

பொங்கல் மேடையில் அந்தம்மாவின் மகனுக்கு எதிரே அவளை நிறுத்தினார்கள். அவன் கேட்ட பெரிய சொற்களில் ஒன்றைத் தவறவிட்டாள். பிறகு அவள் முறை. நிறைய ஓட்டை உள்ளது, மாவு கீழே விழும், தவிடு மேலே நிற்கும் என்றாள். பையன் விழித்தான். கதவைத் திரும்பவிடும் இரும்பு என்றாள். வாய் குறுகிய பாட்டிலில் எண்ணெய் சிந்தாமல் ஊற்ற வைப்பது என்றாள். சல்லடை, கீல், புனல். மூன்றுக்கும் அவனிடம் ஆங்கிலம் இல்லை. அவன் அம்மாவைப் பார்த்து அழுதான். நானும் அந்தம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு குளிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் நேரே போனேன். மாதக்கணக்கில் நாக்கில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கான்ட்ராக்ட் பசங்களுக்கு இவ்ளோதாங்க மேடம் வரும்."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "யாருங்க அப்படிச் சொன்னது? ரொம்பத் தப்புங்க" என்றார். நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

சொன்னதைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. மறந்ததை இன்றுவரை மன்னிக்கவில்லை.

திரும்பும்போது மகள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, கேட், தெருவிளக்கு, ஷிப்ட் பஸ் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மனதுக்குள் அந்தம்மாவிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கேக்கறியா?" என்று முதுகில் தட்டினாள்.