கோட்டு மாஸ்டரின் முழங்கால்

என் அக்காவின் கணவர் முப்பது வருடமாகக் கோட்டு தைக்கிறவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் அளவெடுத்தால் நாடாதான் உடம்பில் படும், விரல் படாது. கூச்சக்காரர்கள்கூட ஆடாமல் நிற்பார்கள்.

அப்படிப்பட்டவரை விமான நிலையத்தில் மாவு மாதிரி பிசைந்தார்கள். அன்று சாயங்காலம் மகனுக்குக் கல்யாணம். இறங்கியதும் நேரே மண்டபம். கல்யாணக் கோட்டை முடிக்காமல் கிளம்ப மாட்டேன் என்று மாஸ்டர் அடம்பிடித்ததால்தான் இந்தக் கடைசி நேர ஓட்டம்.

அவர் முழங்காலில் ஸ்டீல் தகடு உண்டு. சோதனை வாசலை அவர் தாண்டியதுமே அது அலறியது. டாக்டர் கடிதத்தை நீட்டினார். அங்கே நின்ற காவலர் அதைப் பிரிக்கவேயில்லை.

“தகடா? எங்க, காட்டுங்க.”

“உள்ள இருக்கு சார். வெட்டியா காட்ட முடியும்?”

கைக்கருவி கழுத்துக்கிட்டேயும் கத்தியது. அதற்கும் அந்த மேதாவி முழங்காலைத்தான் அமுக்கினார். மூன்றாம் முறை இடுப்பைத் தடவியபோது மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“முப்பத்தாறு. எழுதிக்கோங்க. உங்க கை லட்சணத்துக்கு நாற்பதுன்னு தைப்பீங்க.”

“கொஞ்சம் சும்மா இருங்களேன்,” என்றாள் அக்கா.

அதற்குள் பையிலிருந்த கத்தரியும் ஊசி டப்பாவும் குப்பைத் தொட்டிக்குப் போயின. பிறகு கோட்டைத் தூக்கினார்கள்.

“தோள்ல என்ன கனமா இருக்கு?”

“பஞ்சு சார்.”

நம்புவார்களா? மேலதிகாரி வந்தார், பிளேடு வந்தது, தோள் கிழிந்தது. பஞ்சு எட்டிப் பார்த்தது.

“சரி, போகலாம்,” என்றார் அதிகாரி. ஒரு மன்னிப்புக்கூட இல்லை. இந்த மூளைக்கு ஒரு தொப்பி வேறு!

விமானத்தில் அக்கா கிழிசலைத் தடவித் தடவி அழுதாள். “புள்ள இதையா போட்டுக்கிட்டு நிப்பான்?” மாஸ்டர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

அவர் சட்டைக் காலருக்கு அடியில் ஊசி. வேலை நடுவே நூல் கோத்த ஊசியை அங்கே குத்திவைப்பது அவர் பழக்கம். காலையில் கடைசிப் பொத்தானைத் தைத்த கருப்பு நூல் அதில் இன்னும் முழம் நீளத்துக்கு இருந்தது. அவரே மறந்துபோயிருந்தார்.

கோட்டை மடியில் விரித்துத் தைக்கத் தொடங்கினார். பக்கத்து இருக்கைக்காரர் மிரண்டுபோய், “ஐயா, ஊசிய எப்படி உள்ள விட்டாங்க?” என்றார்.

மாஸ்டர் தலை நிமிரவில்லை.

“அவங்க முழங்கால் பாக்குற வேலையில மும்முரமா இருந்தாங்க.”