அக்காவின் பெட்டியிலிருந்து ஒரு வெசாக் கூடு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். என்னோடு படிப்பித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கல்முனையிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போய், திருக்கோவில் பக்கத்துக் கடலோரத் தமிழ்ப் பள்ளிக்கூடமொன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். சுனாமி கொண்டுபோன கட்டடத்துக்குப் பதிலாகப் பலகையும் தகரமும் அடித்த கொட்டகைதான் வகுப்பறை. பிள்ளைகள் எல்லோரும் இந்துக்கள். முக்காட்டோடு நின்றவள் நான் ஒருத்திதான். வந்த புதிதில் "ஏன் டீச்சர் பொட்டு வைக்கிறல்ல?" என்று கேட்டதுகள், நோன்பு மாதம் வந்ததும் நான் காணாமல் கதவுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தன.

வன்னியில் யுத்தம் முடியப் போகிறது என்று ரேடியோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மே மாதத்தில் பண்டிகைப் பாடம் புத்தர் பிறந்த வெசாக்கில் வந்து நின்றது. பொங்கலைப் பிள்ளைகள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். பெருநாளை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வெசாக்கைக் கொண்டாடுகிற ஒருவரும் வகுப்பில் இல்லை.

"வெசாக் ஆர் கொண்டாடுற?" என்று கேட்டேன்.

"ஆமி," என்றான் முன்வரிசை வாங்கில் இருந்த பையன்.

"அப்ப புத்தரும் ஆமியா டீச்சர்?" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் ஆமி முகாம் வாசலில் இருந்த சிலையைத் தவிர அவர்கள் புத்தரை வேறெங்கும் கண்டதில்லை. ராஜகுமாரனாகப் பிறந்தவர், மனிதர் படும் துன்பத்தைக் கண்டு வீட்டை விட்டுப் போனவர் என்று கதையைச் சொன்னேன். ஜன்னல் ஓரத்தில் இருக்கும் ஒரு பிள்ளை, வாய் திறந்து ஒன்றும் கேட்காதவள், அன்று எழும்பினாள்.

"வீட்டாக்கள் தேடலியா டீச்சர்?"

"தேடினவங்க."

"மறுகா திரும்பி வந்தவரா?"

"ஓம், வந்தவர். வந்து எல்லாரையும் பார்த்தவர். புத்தகத்தில இரிக்கி."

அவள் வாங்கில் இருந்துவிட்டாள். நானும் பௌத்த கொடியைக் கரும்பலகையில் வரைந்து, நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்று நிறம் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமையே எங்கள் பள்ளிக்கூட அதிபர் வந்து, ஆமி முகாம் பெரியவர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாராம், நல்ல வெசாக் விளக்குக் கூட்டுக்குப் பரிசு கொடுக்கப் போகிறாராம் என்றார். சொல்லும்போதே மனிதருக்கு வேர்த்தது. பிள்ளைகளிடம் ஈர்க்கிலும் கடதாசியும் தேடி எடுத்து வீட்டிலேயே கூடு கட்டி வரச் சொன்னோம். பிய்ந்ததை ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசையை நானே கட்டியாகக் காய்ச்சி, தகரப் பேணியில் கொண்டுபோனேன்.

பெரியவர் வரும் நாள் காலையில் வாசலில் துவக்கும் கையுமாக இரண்டு ஆமிக்காரர் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள் கூடுகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்துப் பிள்ளை தன்னுடையதைக் கடைசியாகக் கொண்டுவந்து தந்தாள். பார்த்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

சிவப்பும் மஞ்சளும். வேறு நிறமே இல்லை. கூட்டின் கீழே வாலாகத் தொங்கியதும் சிவப்பு மஞ்சள் முக்கோணக் கொடிகள். சமாதான காலத்தில், ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய அதே வெட்டு, அதே நிறம். என் மாமாவை வயலுக்குப் போன வழியில் கொண்டுபோய், அடக்கம் செய்ய மையத்தாகவும் திருப்பித் தராதவர்களின் நிறம். அதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

"எங்கால கா இந்தக் கடதாசி? எங்கயிரிந்து எடுத்த?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்காட பெட்டிக்குள்ள கிடந்த."

"அக்கா குவைத்தில எண்டுதானே அம்மா சொன்னவ?"

அவள் என் முக்காட்டைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகச் சொன்னாள். "வன்னியில டீச்சர். வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கத்தாக்கள் கொண்டு போனவங்க. வெளியில சொல்லக்கூடாதாம்."

அதிபர் எட்டிப் பார்த்தார். "கிழிச்சுப் போடுங்க டீச்சர். கெதியா," என்றார். நான் கையை நீட்டினேன். பிள்ளை கூட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கிழித்தாலும் எங்கே போடுவது? வாசலில் துவக்கு. கொட்டகைக்குப் பின்னால் வெறும் மணல். சிவப்பும் மஞ்சளும் துண்டு துண்டாகக் கிடந்தால் இன்னும் மோசம். இந்தப் பிள்ளையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டால் போதும், தாயின் கதி அவ்வளவுதான். அதற்குப் பிறகு முஸ்லிம் டீச்சர் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். என் மாமாவை நினைத்து வந்த கோபம், இந்த விசர் பிடித்த கடதாசி மேல் வந்த கோபம், எல்லாம் சேர்ந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்போதுதான் பலகையில் அழியாமல் கிடந்த கொடி கண்ணில் பட்டது.

"கொடியில இன்னும் என்னென்ன நிறம் வேணும்?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன்.

"நீலம். வெள்ளை. செம்மஞ்சள்."

"ஒட்டுங்க. ஆரும் சத்தம் போடப்படாது."

கொப்பித் தாளைக் கிழித்தார்கள், வெள்ளை வந்தது. ஒருத்தி தன் கூட்டிலிருந்தே நீலத்தை உரித்துத் தந்தாள். செம்மஞ்சள் மட்டும் இல்லை. முன்வாங்குப் பையன், "சிவப்புக்கு மேல மஞ்சளை வைச்சா அது வரும் டீச்சர், நீங்கதானே சொன்னீங்க," என்றான். முக்கோணக் கொடிகளைப் பிய்த்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினோம். வால் போய்விட்டது. ஜன்னலோரத்துப் பிள்ளை ஒன்றும் செய்யாமல் தன் கூடு மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பசை காயுமுன்னே ஜீப் சத்தம் கேட்டது.

பெரியவர் வந்தார். இளம் வயசு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடாகப் பார்த்து வந்தவர், அந்தக் கூட்டின் முன்னால் நின்றுவிட்டார். விரலால் மஞ்சளைத் தொட்டார். பிறகு சிவப்பை. ஈரப் பசை அவர் விரலில் ஒட்டியது. யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"யார் செஞ்சது?"

பிள்ளை கையை உயர்த்தினாள்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் 'அ' என்று திறந்ததை நான் கண்டேன். அப்படியே மூடி, "டீச்சர்," என்றாள்.

"பௌத்த கொடி," என்று அதிபரிடம் திரும்பிச் சொன்னார் பெரியவர். அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். பிள்ளையின் தலையைத் தடவி, நிறப் பென்சில் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். "இதை நாங்க கேம்ப் வாசல்ல போடுறது," என்று சொல்லிக் கூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பஸ்ஸில் குந்தியிருந்து அழுதேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

வெசாக் முடிந்து சில நாட்களில் யுத்தமும் முடிந்தது. முகாம் வாசலில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். அந்த வெடிப் புகைக்குள் கூடு ஆடிக்கொண்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து கண்டேன். அடுத்த நாள் பள்ளி விட்டு வரும்போது ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்து நின்றாள். ஜன்னலோரத்துப் பிள்ளையின் தாய்.

"டீச்சர், அந்தக் கூட்டைத் திருப்பித் தருவாங்களா?"

"விட்டுத் தொலைங்க," என்று எரிந்து விழுந்தேன். "தப்பினது போதாதா உங்களுக்கு?"

அவள் அசையவில்லை. "மூத்தவட படம் எல்லாம் கடல் கொண்டு போயிட்டு. பெட்டி நாவிதன்வெளியில தங்கச்சி வீட்ட கிடந்ததால தப்பின. அந்தக் கடதாசி அவ கையால வெட்டினது டீச்சர். வேற ஒண்டும் இல்ல."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அவளோ அதிபரோ போய்க் கேட்க முடியாது. கல்முனைக்காரி, முக்காடு போட்டவள் என்று என்மேல் சந்தேகம் வராது, நான் கேட்கலாம். மறுநாள் காவலில் நின்றவனிடம் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், பொசன் பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட வேண்டும் என்று சொன்னேன். வெசாக் சோடனைகளைக் கழற்றிக் குவித்திருந்த இடத்திலிருந்து அவன் அதைத் தேடி எடுத்துத் தந்தான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் கூட்டை வாங்கி மடியில் வைத்து, தண்ணீரில் விரலை நனைத்து, மேலே ஒட்டிய நீலத்தையும் வெள்ளையையும் உரிக்கத் தொடங்கினாள். பசை விடவில்லை. வெள்ளை வரும்போது சிவப்பும் சேர்ந்து கிழிந்து வந்தது. நான்தானே கட்டியாகக் காய்ச்சியது.

"மெதுவா உரியுங்கம்மா," என்றாள் பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளை. "அக்கா வந்தா ஏசுவா."

தாயின் விரல் நின்றது.

"புத்தர் வீட்ட விட்டுப் போயிட்டு மறுகா வந்தவராம். டீச்சர் சொன்னவ."

தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஓமா டீச்சர்?"

அவள் புத்தரைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஓம்," என்றேன். "புத்தகத்தில இரிக்கி."